தெரு அடைப்பு: கழுகுமலைத் தேரிலிருந்து சுந்தரலிங்கம் பஸ் வரை

போன வருஷப் பங்குனிப் பொங்கல் சமயத்தில் சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு வந்துகொண்டிருந்தேன். பஸ் ஆமத்தூர் தாண்டி, ஊரை நெருங்கும் இடத்தில் நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக லாரிகளும் பஸ்களும். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஊருக்குள்ள போகாதுங்க. சட்டி எடுக்குறாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கமெல்லாம் அடைச்சிட்டாக. இங்கேயே இறங்கிக்கிடுங்க" என்றார். பராசக்தி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கும் நாள். ஆயிரக்கணக்கான பேர் மஞ்சள் உடுப்பில், கையில் தீயோடு நடக்கும் நாள். அன்றைக்கு ஊரில் சக்கரத்துக்கு இடமில்லை.

எனக்குப் பக்கத்தில் காலேஜ் படிக்கும் பையன் ஒருவன். "சாமி கும்புடுறதுக்கு ஊரையே நிப்பாட்டணுமா?" என்று முணுமுணுத்தான். முன்ஸீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். துணிப்பை நிறையக் கணக்கு நோட்டுகள் வைத்திருந்தார், கடைக்காரர்போல. "தம்பி, எங்க பாட்டன் காலத்துல எங்க கல்யாண ஊர்கோலம் போகக்கூடாதுன்னு அடுத்தவன் தெருவ அடைச்சான். இப்ப எங்க சாமிக்குப் போலீஸே தெருவ அடைக்குது. ஒரு நாள் நடந்து போனா என்ன கொறஞ்சிரும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமையாகத்தான். பையன் பேசவில்லை. மூன்றாவது ஸீட்டில் ஒரு அம்மா, மடியில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் பேசவில்லை.

பெரியவர் சொன்னதில் 'அடைப்பது' என்ற சொல் இரண்டு தடவை வந்தது. முதலாவது ஒருவருக்கு எதிராகத் தெருவை அடைப்பது. இரண்டாவது ஒருவருக்காகத் தெருவை அடைப்பது. போக்குவரத்து இடையூறு என்று பத்திரிகையில் நாலு வரியில் முடிந்துபோகிற விஷயத்துக்குள் எங்கள் மாவட்டத்தின் நூற்று முப்பது வருஷத்துச் சரித்திரம் கிடக்கிறது. வெளி என்பது சும்மா கிடக்கும் காலி இடம் அல்ல, சமூகம் அதை உற்பத்தி செய்கிறது என்று ஆன்ரி லெஃபெவ்ர் 1974இல் எழுதினார். பிரெஞ்சுக்காரரைப் படித்துத்தான் தெரியவேண்டும் என்பதில்லை. தென்மாவட்டத்தில் ஊர்கோலம் போன எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு உலா இலக்கியம் பாடம். ஒட்டக்கூத்தரின் மூவருலாவைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவமாகப் பிரித்துக் குறிப்பெடுத்தோம். பவனி வருகிறவன் யார், பார்த்து மயங்குகிறவர்கள் யார் என்பதெல்லாம் தேர்வுக்கு வந்தது. அந்தத் தெரு யாருடையது, அன்றைக்கு அதில் நடக்கக்கூடாதவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் வரவில்லை. உலா என்ற வகையே தெருவின் மீதான உரிமைப் பத்திரம் என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. சோழன் தெருவில் வருகிறான் என்றால் தெரு சோழனுடையது. அதைப் பார்க்கிற கண்களும் அவனுடையவை. நந்தன் கதையையும் இப்படியே வாசிக்கலாம். திருப்புன்கூரில் அவருக்குக் காட்சி தருவதற்காக நந்தி விலகியது. கல் நந்திக்கு இருந்த மனசு தெருவுக்கு இல்லை. இன்றைக்கும் வழியை மறைத்து நிற்பவனை 'நந்தி மாதிரி குறுக்கே நிக்காதே' என்கிறோம். விலகிய நந்தியின் பெயரை விலகாதவனுக்கு வைத்த ஜனங்கள் நாம்.

அதே வகுப்பில் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் இருந்தது. ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் காவடியோடு கழுகுமலைக்குப் போனபோது வழிநடைக்காகப் பாடியது. சந்தத்தைச் சிலாகித்தோம், மேசையில் தட்டித் தாளம் போட்டோம். ரெட்டியார் 1891இல் இறந்தார். நான்கு வருஷம் கழித்து அந்தக் காவடிகள் போய்ச் சேர்ந்த கழுகுமலைத் தேரோடும் வீதியில் ரத்தம் ஓடியது. அதை எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இலக்கிய வரலாறும் சமூக வரலாறும் ஒரே தெருவில் நடந்தாலும் நம் பாடத்திட்டத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

கழுகுமலைக் கோயில் எட்டயபுரம் ஜமீனின் பிடியில் இருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தேர் வீதிகளில் நாடார்கள் தங்கள் கல்யாண ஊர்கோலத்தைப் பல்லக்கோடு கொண்டுபோக விரும்பினார்கள். ஜமீன் மறுத்தது. தெரு ஊர்ப்பொதுவா, கோயில் சொத்தா என்பதுதான் தகராறு. கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். அதன்பிறகு அவர்களில் ஒரு பகுதியினர் செய்த காரியம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. கத்தோலிக்கத்துக்கு மாறினார்கள். தேர் வீதியிலேயே ஒரு இடத்தை வாங்கி ஜெபக்கூடமாக்கினார்கள். அதன் முன்னால் தெருப்பக்கம் ஒரு பந்தல் போட்டார்கள். 1895 பங்குனித் திருவிழாவில் தேர் வந்தது. பந்தல் இருந்தால் தேர் போகமுடியாது. பந்தலைப் பிரி என்றது ஒரு தரப்பு, மாட்டோம் என்றது மறுதரப்பு. எட்டயபுரம் ஜமீன் மானேஜர் உட்பட இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. வீடுகள் எரிந்தன.

ஊர்கோலம் போக உங்களுக்குத் தெரு கிடையாது என்றவனிடம், அப்படியானால் உன் தேர் போகவும் தெரு கிடையாது என்று சொல்லிய பந்தல் அது. மதமாற்றம் பற்றி எழுதுபவர்கள் அரிசி, பால்பவுடர் என்று பேசுவார்கள். கழுகுமலையில் மதம் மாறியதற்குத் தெருவும் ஒரு காரணம். அப்போது பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்த எட்டயபுரத்துச் சுப்பிரமணியன், பிற்காலத்துப் பாரதி, இந்தச் செய்தியைக் கேட்டிருக்காமல் இருக்கமுடியாது என்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

அங்கிருந்து சிவகாசி அதிக தூரமில்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். சிவகாசியில் விசுவநாத சுவாமி கோயில் நுழைவு சம்பந்தமாக வந்த தகராறில் கோயில் நடையே சாத்தப்பட்டது. 1899 ஜூன் 6இல் சுற்றுவட்டாரத்து மறவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சிவகாசியைத் தாக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நூற்றுக்கணக்கில் வீடுகள் சாம்பலாயின. ஜனங்களின் நாக்கில் அது 'சிவகாசிக் கொள்ளை'. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969இல் வெளியிட்ட நூலில் இவை விரிவாக உள்ளன. கமுதி வழக்கு கீழ்க்கோர்ட்டிலும் சென்னை ஐகோர்ட்டிலும் நாடார்களுக்கு எதிராக முடிந்து, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் அப்படியே முடிந்தது.

இந்தத் தோல்விகளைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமானது வேறொன்று. வடக்கு நோக்கி வியாபாரத்துக்கு வந்த நாடார்கள் மாட்டுவண்டிச் சாலைகளில் பேட்டைகளைக் கட்டினார்கள். கள்ளர் பயம் இருந்த காலத்தில் வண்டியும் மாடும் சரக்கும் ராத்தங்குவதற்கான சுவர் வைத்த இடங்கள். அங்கே இறங்கும் சரக்குக்கு மகமை. அந்த மகமைப் பணத்தில் உறவின்முறை. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்று ஆறு ஊர்கள். அதாவது தேர் வீதி மறுக்கப்பட்டவர்களின் பலமே சாலையிலிருந்து வந்தது. நிலம் வைத்திருந்தவன் தெருவை அடைத்தான். சாலை வைத்திருந்தவன் மகமை சேர்த்தான். 1876இல் மதுரை–திருநெல்வேலி ரயில் விருதுபட்டி வழியாகப் போனது. வண்டிப்பாதையில் சேர்ந்த மூலதனம் ரயிலடிக்கு வந்தது. 1889இல் மகமையில் சத்திரிய வித்தியாசாலா பள்ளிக்கூடம் வந்தது. காமராஜ் படித்த பள்ளி. 1923இல் விருதுபட்டி, விருதுநகர் ஆனது. அவர்கள் தெருவில் அவர்கள் கோயில், அவர்கள் கோயிலுக்கு அவர்கள் தேர். இன்று பங்குனிப் பொங்கலுக்குப் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்துகிற அதிகாரம் இப்படி வந்தது. பெரியவரின் பெருமைக்கு நியாயம் உண்டு. அதை நான் கேலி செய்யமாட்டேன்.

சட்டம் இதில் என்ன செய்தது? பொதுத்தெருவில் ஊர்வலம் போக எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் அமைதிக்கும் போக்குவரத்துக்கும் பங்கம் வரும் என்று மாஜிஸ்திரேட் கருதினால் தடுக்கலாம். 1880களிலேயே சென்னை ஐகோர்ட் ஏறக்குறைய இதைச் சொல்லிவிட்டது. 1924இல் மன்சூர் ஹசன் வழக்கில் பிரிவி கவுன்சில் இதை உறுதிசெய்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? பலமுள்ளவன் 'இவன் இந்தத் தெருவில் வந்தால் கலவரம் வரும்' என்று மனு கொடுப்பான். கலவரம் செய்யப்போவது அவன்தான். ஆனால் அமைதியின் பெயரால் நிறுத்தப்படுவது வருகிறவன். உரிமை எல்லோருக்கும் பொது, தடை மட்டும் குறிப்பிட்ட சிலருக்கு. 144 என்ற எண் தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 163. எங்கள் பக்கம் இன்னும் 'நூத்திநாப்பத்திநாலு போட்டுட்டான்' என்றுதான் சொல்கிறார்கள்.

1939 ஜூலை 8ஐ இங்கே சொல்லாமல் போகமுடியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தவர்களில் கக்கன் முதலான தலித்துகள் ஐந்து பேர். கூடவே விருதுநகர் சண்முக நாடார். கமுதியில் விரட்டப்பட்டவர்களும் எந்தக் கோயில் வாசலுக்கும் வரமுடியாதவர்களும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து போன காலை அது. அந்தச் சேர்க்கை தொடர்ந்திருந்தால் இந்த மாவட்டத்தின் கதை வேறாக இருந்திருக்கும் என்று சிலசமயம் நினைப்பேன். தொடரவில்லை. கோயில் கதவுக்குச் சட்டம் வந்தது. தெருவுக்கு அந்தமாதிரி ஒன்றும் வரவில்லை. தெருதான் ஏற்கெனவே எல்லோருக்கும் பொது ஆச்சே!

இனி பஸ்ஸுக்கு வருகிறேன். பஸ் என்பது நம் காலத்துத் தேர் என்று சொன்னால் கவிதை மாதிரி இருக்கும். ஆனால் சும்மா சொல்லவில்லை. ஊருக்குள் வரும், எல்லோரும் பார்க்கும்படி நிற்கும், நெற்றியில் பெயர் இருக்கும். எங்கள் சின்னவயசில் பஸ்களுக்குப் பெயர் இருந்தது. பாண்டியன், சேரன், சோழன், பல்லவன், கட்டபொம்மன், நேசமணி, ராணி மங்கம்மாள், மருது பாண்டியர், ஜீவா. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே பஸ்ஸின் பக்கவாட்டில்தான். மாவட்டத்துக்கும் பெயர் உண்டு. 1985இல் பழைய ராமநாதபுரத்தைப் பிரித்தபோது எங்களுடையது காமராஜர் மாவட்டம். பக்கத்தில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். பேரரசர்களும் தலைவர்களும் தினம் தினம் உலா வந்துகொண்டிருந்தார்கள்.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் அமைத்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைத் தி.மு.க. அரசு வைத்தது. கட்டபொம்மன் படையின் தளபதி. ஒட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரிக்காரர். வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தன்னையே கொடுத்து அழித்தவர் என்று மக்கள் நினைவில் வாழ்பவர். தேவேந்திரகுல வேளாளர். கட்டபொம்மன் பெயரில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது, அதில் எல்லோரும் ஏறினார்கள். அவனுடைய தளபதியின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். மறியல், கல்வீச்சு, தீவைப்பு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பஸ் ஓடவில்லை. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின.

எனக்கு அப்போது ஏழு வயசு. பஸ் வராத ரோட்டில் நாங்கள் கோலி விளையாடினோம். தார் ரோட்டில் உட்கார்ந்து விளையாடுகிற சந்தோஷம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஏன் பஸ் வரவில்லை என்று கேட்டபோது, "பேருல தகராறு" என்றார் அப்பா. பெயரில் என்ன தகராறு வரமுடியும் என்று விளங்கவில்லை. இந்த விருதுநகரில்தான் தேசபந்து மைதானத்தில் 1956இல் சங்கரலிங்கனார் 'தமிழ்நாடு' என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 76 நாள் பட்டினி கிடந்து இறந்தார். பெயருக்காக உயிரைக் கொடுத்தவரின் ஊர். அதே மாவட்டத்தில் ஒரு பெயருக்காக அடுத்தவன் வீட்டைக் கொளுத்தினார்கள்.

இதைச் 'சாதிக் கலவரம்' என்று சொல்லி நகர்ந்துவிட்டால் விஷயம் கைநழுவிப் போகும். கழுகுமலையில் ஊர்கோலத்தைத் தடுத்தவர்களுடைய தர்க்கமும் இதுவும் ஒன்றே. சுந்தரலிங்கம் என்று எழுதிய பஸ் மேலத்தெரு வழியாக நாளுக்கு எட்டு நடை வரும். அதற்கு வழிவிட வேண்டும், கைகாட்டி நிறுத்த வேண்டும், அதற்குள் ஏறி உட்கார வேண்டும். ஒரு தலித் பவனி வருகிறான், ஊரே எழுந்து நிற்கிறது. உலாவின் இலக்கணத்தை எம்.ஏ. படித்த நாங்கள் மறந்தோம், அவர்கள் மறக்கவில்லை. பஸ் ஒரு தீராத தொல்லையாகவே அப்போது இருந்தது. 1995 ஜூலையில் வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் தலித் மாணவர்களுக்கும் வந்த சச்சரவு ஊர் ஊராகப் பரவி, ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தின் மீதான போலீஸ் தாக்குதலில் வந்து நின்றது. 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டது பஸ்ஸில் வீடு திரும்பும் வழியில். ஒரே ஸீட்டில் இரண்டு சாதியை உட்கார வைத்த முதல் இடம் பஸ் என்பார்கள். உண்மைதான். அதற்காகப் பஸ் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அரசு என்ன செய்தது? 1997 ஜூலையில் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டது. சுந்தரலிங்கம் மட்டுமல்ல, பாண்டியனும் சோழனும் கட்டபொம்மனும் போனார்கள். மாவட்டங்களிலிருந்து காமராஜரும் தேவரும் பெரியாரும் வ.உ.சி.யும் போனார்கள். காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. எல்லா பஸ்ஸும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். நடுநிலையான தீர்வு என்று பலர் பாராட்டினார்கள். பல வருஷங்களாக மற்ற பெயர்கள் ஓடியபோது யாருக்கும் வராத நடுநிலை, ஒரு தலித் பெயர் சில வாரம் ஓடியதும் வந்துவிட்டது. பந்தியில் தலித் வந்து உட்கார்ந்ததும், 'இனிமே யாருக்கும் சோறு கிடையாது' என்று இலையைச் சுருட்டுவதற்குப் பெயர் சமத்துவமா? பெயர் எழுதிய காலத்தில் எனக்கும் மன்னர்கள் பெயர் பிடிக்காதுதான். அது வேறு வாதம்.

பெயர் போனது. ஆனால் தெரு அடைப்பு போகவில்லை. அது செப்டம்பர் 11க்கும் அக்டோபர் 30க்கும் நகர்ந்தது. 1957இல் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனின் நினைவுநாள் பரமக்குடியில். தேவர் ஜெயந்தி பசும்பொன்னில். எங்கள் மாவட்டத்திலிருந்து போகும் வண்டிகளுக்கு இன்ன வழி, இன்ன நேரம், வாடகை வண்டிக்குத் தடை, மேற்கூரையில் ஏறக்கூடாது, கோஷம் கூடாது என்று கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு வருகிறது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அறிவிப்பு. காகிதத்தில் சமம். 2011 செப்டம்பர் 11இல் பரமக்குடி ஐந்துமுனைச் சந்திப்பில் ஜான் பாண்டியன் தடுத்துவைக்கப்பட்டதைக் கண்டித்து மறியல் நடந்தது. போலீஸ் சுட்டது, ஆறு பேர் செத்தார்கள். ரோடு மறியல் என்பது நாம் எல்லோரும் செய்கிற காரியம். தண்ணி வரலைன்னா காலிக்குடத்தோடு ரோட்டில் உட்காருகிறோம். தாசில்தார் வருவார், பேசுவார், கலைந்துபோவோம். அதே ரோட்டில் அதே மாதிரி உட்கார்ந்தவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது குண்டு. தெருவை அடைப்பவன் யார் என்பதைப் பொறுத்து அது திருவிழாவா, மறியலா, கலவரமா என்று பெயர் மாறுகிறது.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பார்கள்: அப்படியானால் நீ எந்த ஊர்வலமும் வேண்டாம் என்கிறாயா? இல்லை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற பேரில் ஊர்வலங்களை ஊருக்கு வெளியே தள்ளிவிடச் சொல்லும் நடுத்தர வர்க்கத்து எரிச்சலோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தெருவில் காருக்கு இருக்கும் உரிமை காலுக்கும் உண்டு. என் கேள்வி வேறு. பேட்டை கட்டி, மகமை சேர்த்து, தனிக்கோயில் எழுப்பி ஒரு சமூகம் தெருவை வென்றது. அப்படிச் சேர்ப்பதற்குச் சாலையும் சரக்கும் இல்லாதவர்கள், தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் கூலிக்குப் போகிறவர்கள், தங்கள் காளியம்மன் சப்பரத்தை எந்த மகமையை வைத்து மேலத்தெருவுக்குக் கொண்டுவருவார்கள்? அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்டிருக்கவேண்டும். கேட்க வாய் வரவில்லை. அவர் தன் பாட்டனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்; குறுக்கே விழ மனசில்லை.

எல்லோரும் இறங்கினோம். பெரியவர் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சட்டி வரும் திசைக்கு வேகமாக நடந்தார். கல்லூரிப் பையன் போனில் பேசிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனான். ஸ்கேன் கவர் வைத்திருந்த அம்மா தடுப்பை ஒட்டி நின்ற போலீஸ்காரரிடம் போய், "பெரியாஸ்பத்திரிக்கு எந்தத் தெரு வழியா போகட்டும் ஐயா?" என்று கேட்டாள். அவர் பந்தோபஸ்துக்காக வெளியூரிலிருந்து வந்தவர். தெரியவில்லை என்றார். எனக்கும் அன்றைக்கு எந்தத் தெரு திறந்திருக்கிறது என்று தெரியாது. இருந்தாலும், "வாங்கம்மா, கேட்டுக் கேட்டுப் போவோம்" என்றேன். தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் சந்து வழியாகத் திரும்பினோம்.